மீன் பெட்டியில் வந்த ஊசி

கர்ப்பம் உறுதியான முதல் செக்கப்பிலேயே டாக்டர் ஒரு நீளமான சீட்டு எழுதிக் கொடுப்பார். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, யூரின் என்று போகும். அவற்றுக்குக் கீழே மூன்று பெயர்கள் இருக்கும்: எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., எச்.பி.எஸ்.ஏஜி. எனக்குத் தெரிந்து யாரும் அந்த மூன்றைப் பற்றி இரண்டாவது முறை யோசிப்பதில்லை. எனக்கும் கவலையெல்லாம் ஹீமோகுளோபின்மேல்தான். ஒரு வாரமாக முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகத் தின்று 11.2 வாங்கிவிட்டேன் என்று திருச்சி லேப் வாசலில் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் ரிப்போர்ட்டின் கடைசி வரி கண்ணில் பட்டது. எச்.பி.எஸ்.ஏஜிக்கு எதிரே தடித்த எழுத்தில் 'ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ்.

ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் வைரஸ். அதன் மேலுறைப் புரதம்தான் அந்த எச்.பி.எஸ்.ஏஜி, ரத்தத்தில் அது இருந்தால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். ஊரில் இதற்கும் ஒரே பெயர்தான், காமாலை. ஆனால் எனக்குக் கண் மஞ்சளாகவில்லை, பசி குறையவில்லை, அதற்கு முன்னால் பத்து வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்ததும் இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, மார்ச் மாதம் இரவு பத்து மணிவரை கண் விழித்துக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தேன். கார்டு டெஸ்டில் வந்ததை எலைசா என்ற இன்னொரு லேப் டெஸ்டில் திரும்பப் பார்த்தார்கள். அதிலும் அதேதான்.

என் கணவருக்கும் அன்றே ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு இல்லை. அந்த 'இல்லை' வீட்டில் எத்தனை நிம்மதியைக் கொடுத்ததோ அத்தனை கேள்வியையும் கொடுத்தது. அவனுக்கு இல்லையென்றால் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. என் ஓரகத்தி மட்டும் அன்று ராத்திரியே என் டம்ளரை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டாள். ஒரே டம்ளரில் குடித்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ இது ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், சுத்தம் செய்யாத ஊசி, மாற்றிப் பயன்படுத்தும் ரேசர், பிரஷ், இவைதான் வழி. இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். டம்ளர் இறங்கி வர ஒரு மாதம் ஆயிற்று.

எங்கேயிருந்து வந்தது என்ற கேள்விக்குக் குடல், கல்லீரல் டாக்டர்தான் பதில் சொன்னார். அதுவும் பதிலாக இல்லை, கேள்வியாக. "உங்க அம்மாவுக்குப் பாத்திருக்கீங்களா?"

இந்த வைரஸின் கணக்கு விசித்திரமானது. வளர்ந்த மனிதருக்குள் புகுந்தால் நூற்றில் 95 பேருக்கு உடம்பே அதைத் துரத்திவிடும். பிறக்கும்போது புகுந்தால் தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். குழந்தையின் உடம்புக்கு அதை எதிரி என்று அடையாளம் தெரியாது. அதனால் சண்டை இல்லை, காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை. இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் கிடந்து, அப்புறம் சிலருக்குக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வெளியே வரும். ஆக, ஒருவரிடம் இது நெடுங்காலமாக இருக்கிறதென்றால் முதல் சந்தேகம் அவருடைய ஒழுக்கத்தின்மேல் வரவேண்டியதில்லை. அவருடைய பிறப்பைத்தான் பார்க்க வேண்டும். நான் பிறந்தது 1991இல். அப்போது குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இது கிடையாது. நாடு முழுவதற்கும் வந்து சேர்ந்ததே 2011இல்தான்.

அம்மாவுக்குப் பட்டுக்கோட்டையில் ரத்தம் எடுத்தோம். பாசிட்டிவ்.

போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது என்னைப் பற்றி இல்லை. "அப்ப தம்பிக்கும் இதுதான் இருந்திருக்குமோ?" என்றாள். தம்பி என்று சொன்னது என் சின்ன மாமாவை. எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர். 2004இல், நாற்பத்து நாலு வயதில், வயிறு ஊதி, கால் வீங்கிச் செத்துப்போனார். 'குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சு' என்று ஊர் பேசியது. மாமா பீடிகூடக் குடிக்காதவர். வாங்கிக்கொடுத்தால் டீ குடிப்பார், அதுவும் சர்க்கரை தூக்கலாக. அவருக்கு என்ன இருந்தது என்று இனி எந்த லேபும் சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தாய் என்பதை யோசித்துப் பார்த்தால், அந்த ஊரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு ரிப்போர்ட்டை வாசித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அத்தை, அதாவது என் மாமியார், நல்லவர். எனக்குக் காமாலை என்று கேட்டதும் மறுநாள் காலையே வயல்வரப்பிலிருந்து கீழாநெல்லி பிடுங்கிவரச் சொல்லி, வேரோடு அரைத்து மோரில் கலந்து நீட்டினார். கர்ப்பக் காலத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்று கணவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அத்தைக்கு வருத்தம். "எங்க காலத்துல இதுலதான் எல்லாருக்கும் தெளிஞ்சுது" என்றார். அது பொய்யும் இல்லை. காமாலைகளில் பல தானாகவே தெளிந்துவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும்.

எனக்கு எண் என்றால் நோண்டாமல் விட முடியாது, தொழில் அப்படி. தேடிப் பார்த்தால், கீழாநெல்லிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் உண்மையிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது, அதுவும் சென்னையில். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த எச்.பி.எஸ்.ஏஜி மறைந்துபோனது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது என்றார்கள். அந்தக் கட்டுரையில் கூட்டாசிரியர்களில் ஒருவர் பரூக் பிளம்பெர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இந்த எச்.பி.எஸ்.ஏஜியை முதலில் கண்டுபிடித்து, அதற்காக 1976இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அப்புறம் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. நான் இதை அத்தையிடம் முழுசாகச் சொன்னேன். நோபல் பரிசுக்காரரே நம்பினார் என்ற பாதி மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்து வந்தது இரண்டு டெஸ்ட். ஒன்று எச்.பி.இ.ஏஜி, இன்னொன்று வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. முதலாவது பாசிட்டிவ் என்றால் வைரஸ் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தையைச் சும்மா விட்டால் பத்துக்கு ஏழு முதல் ஒன்பது வரை தொற்றிவிடும். எனக்குப் பாசிட்டிவ். வைரல் லோடு ஒரு மில்லிக்கு 4 கோடி யூனிட்டுக்கு மேல். 2 லட்சத்தைத் தாண்டினாலே மருந்து என்பது அளவு. 4 கோடி என்பதை நான் ஆபீஸில் கிளையன்ட் டர்ன்ஓவரில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

பயந்துபோய் உட்கார்ந்திருந்த எங்களிடம் டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப்போட்டு எழுதிக் காட்டினார். 28ஆவது வாரத்திலிருந்து தினமும் டெனோஃபோவிர் மாத்திரை ஒன்று, வைரஸின் அளவைக் குறைக்க. குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி குழந்தையின் உடம்புக்குச் சண்டை போடக் கற்றுக்கொடுக்கும், ஆனால் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை காவலுக்கு, வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த தயார்நிலை எதிர்ப்பொருள்தான் அந்த இம்யூனோகுளோபுலின். அதை 12 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "இதுக்காக சிசேரியன் வேண்டாம், தாய்ப்பால் தாராளமா கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு வரியை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார்: வலி வருவதற்கு முன்பே ஊசி ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியின் கனம் எனக்குத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோதுதான் புரிந்தது.

நம் வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழு மாதம்வரை ஓர் ஊரில் ஒரு டாக்டர் பார்ப்பார். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிரசவம் இன்னோர் ஊரில், முன்பின் பார்க்காத டாக்டரிடம். கையில் ஒரு ஃபைல். அதில் எதை அவர்கள் படிக்கிறார்கள், எதைப் படிக்கவில்லை என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஊரில் நாங்கள் முதலில் போன ஒரு நர்சிங் ஹோமில் ஃபைலை நன்றாகவே படித்தார்கள். படித்துவிட்டு, தனி லேபர் ரூம் இல்லை, மன்னிக்கவும் என்றார்கள். தனி லேபர் ரூம் இதற்குத் தேவையே இல்லை. எந்தப் பிரசவத்திலும் கையுறையும் கண்ணாடியும் போட்டு, எந்த ரத்தத்தையும் தொற்றுள்ள ரத்தமாகவே நினைத்துக் கையாள வேண்டும், டெஸ்ட் எடுக்காமல் வலியோடு ஓடிவரும் பெண்ணுக்கும் அதே முறைதான். அவர்கள் என்னை அனுப்பிவிட்டு அடுத்து யாருக்குப் பிரசவம் பார்த்தார்களோ, அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் உண்மையில் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவதாகப் போன டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர். ஃபைலைப் புரட்டிவிட்டு "சரிம்மா, ஊசி வாங்கி வெச்சிடுங்க. தடுப்பூசி எங்கிட்ட இருக்கு, இன்னொண்ணு இங்க எந்தக் கடையிலயும் ஸ்டாக் வைக்க மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு 'சரிம்மா'வுக்காக நான் அவருக்கு இன்னும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறேன்.

ஊசி தஞ்சாவூரில் கிடைத்தது. அரை மில்லி, 100 யூனிட், விலை சில ஆயிரம். இப்போது தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனை வழியாக இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அந்தத் திட்டம் 2018இல் தொடங்கியது. எங்களுக்கு அப்போது அந்த விவரம் யாரும் சொல்லவில்லை. அப்பா பஸ்ஸில் போய் வாங்கிவந்தார். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது என்று கடைக்காரர் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் வைத்து, மருந்து அதில் நேராக ஒட்டாதபடி நடுவில் அட்டை சொருகி, பிளாஸ்டர் சுற்றிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் தெர்மாகோல் பெட்டி என்றால் அதிராம்பட்டினம் மீன்தான். பஸ்ஸில் கண்டக்டர், "பெரியவரே, மீன் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு உக்காராதீங்க, தண்ணி ஒழுகும், பின்னால போடுங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். பின்னால் இன்ஜின் சூடு இருக்குமோ, வெயில் படுமோ என்று அப்பாவுக்குப் பயம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து, எவரிடமும் குரல் உயர்த்தாமல் ரிட்டயர் ஆனவர், "இது என் பேத்திக்கு மருந்துய்யா, வேணும்னா அதுக்கும் ஒரு டிக்கெட் போடு" என்றாராம். பேத்தி என்று அப்போதே எப்படி முடிவு செய்தார் என்று கேட்டால் சிரிக்கிறார்.

அம்மா அதை வீட்டு ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைக்க இடம் ஒதுக்கியிருந்தாள். அப்பா கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. அங்கே தடுப்பூசி ஃபிரிட்ஜில் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. நர்ஸ் பெட்டியின்மேல் என் பெயரையும் பிரசவத் தேதியையும் எழுதி ஒட்டினார். அப்பா அந்தக் கதவு மூடப்படும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

வலி ராத்திரியில் வந்தது, அது எப்போதும் ராத்திரியில்தானே வரும். அந்த நேரத்தில் தஞ்சாவூருக்கு ஓடி, கடை திறக்கக் காத்திருந்து, திரும்பி வந்திருந்தால் 12 மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். பெண் குழந்தை, 2 கிலோ 800. தோலில் என் ரத்தம் ஒட்டியிருக்கும்போது ஊசி குத்தினால் அந்த வழியாகவே உள்ளே போய்விடலாம் என்பதால், நர்ஸ் முதலில் குழந்தையை நன்றாகத் துடைத்து, தொடையைத் தனியாகச் சுத்தம் செய்தார். வலது தொடையில் ஒன்று. ஒரு வீறல். இடது தொடையில் ஒன்று. அதற்குள் முதல் வீறலே முடிந்திருக்கவில்லை. நான் கட்டிலில் படுத்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆயாம்மா மட்டும் காதோரம், "இந்த வியாதிக்குப் பால் குடுக்கலாமா தாயி?" என்றார். கொடுக்கலாம் என்று டாக்டரம்மா அறைக்கு வெளியேயிருந்தே பதில் சொன்னார்.

அதன்பிறகு வழக்கமான பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி, ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில். அதிலேயே இதுவும் அடக்கம். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அந்த ஊசி இந்தியாவில் முதலில் வந்தது, 2011 டிசம்பரில். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகும் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளை பெற்ற உடம்பில் சிலருக்கு வைரஸ் சட்டென்று கிளம்புமாம். எனக்குப் பெரிதாக ஏறவில்லை.

குழந்தைக்கு உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கக்கூடாது. ஊசியில் போட்ட எதிர்ப்பொருளே கணக்கைக் குழப்பும். ஒன்பது மாதம் தாண்டித்தான். அந்த ஒன்பது மாதம் என்னைக் கொன்றுவிட்டது. குழந்தைக்குப் பிறந்த புதிதில் சாதாரணமாக வரும் மஞ்சளுக்கே நான் வீட்டைக் கூட்டிவிட்டேன். ஒன்பது முடிந்ததும் எடுத்த ரிப்போர்ட்டில் எச்.பி.எஸ்.ஏஜி நெகடிவ். எதிர்ப்பொருள் 10க்கு மேல் இருந்தால் போதும் என்பார்கள், அவளுக்குப் பல மடங்கு இருந்தது. தைவானில் 1984இல் இதே போல் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள், முதலில் வைரஸ் உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு. அந்த வருடம் தைபேயில் 15 வயதுக்குட்பட்டவர்களில் 9.8 சதவீதம் பேரிடம் இருந்தது, 1999இல் 0.7 சதவீதம். அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமா ஞாபகம் வருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் என் பள்ளித் தோழியிடம் அந்தச் சீட்டில் உள்ள மற்ற இரண்டைப் பற்றிக் கேட்டேன். வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸுக்கு. பாசிட்டிவ் என்றால், ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி ஒரே தடவை. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது போட்டாக வேண்டும், கணவருக்கும் போட வேண்டும். "மூணுலயும் ரொம்பச் சுலபமானது இதுதான்டி, ஆனா வீட்டுக்காரர வரச் சொன்னா மட்டும் லீவு கிடைக்காது" என்றாள். எச்.ஐ.வி. என்றால் நம்பிக்கை மையம் என்ற அரசு ஆலோசனை மையத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள், தாய்க்குத் தொடர்ந்து மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில வாரம் சிரப். மூன்றிலும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதற்கு அந்த முதல் சீட்டு மூன்றாம் மாதத்திலேயே லேபுக்குப் போயிருக்க வேண்டும், ரிப்போர்ட்டின் கடைசி வரியை ஒருவராவது படித்திருக்க வேண்டும்.

அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள். கல்லீரல் நன்றாக இருக்கிறது. என் கணவர் மூன்று டோஸ் தடுப்பூசியும் போட்டு முடித்துவிட்டார். என் தம்பிதான் பாக்கி. "நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டு வருடமாக இழுத்தடித்தான். இப்போது அவன் மனைவி நாலாவது மாதம். அவளுடைய சீட்டில் நெகடிவ் வந்ததும், நான் அவளிடம் சொல்லி அவனை லேபுக்குத் துரத்தினேன். ரியாக்டிவ். அவளுக்குப் போன வாரம் முதல் தடுப்பூசி போட்டாயிற்று, கர்ப்பத்தில் போடலாம், பயமில்லை. இவனுக்கு இன்னும் வைரல் லோடு எடுக்கவில்லை. சீசன் முடியட்டும் அக்கா என்கிறான். பைக்குக்கு மட்டும் தேதி தவறாமல் ஆயில் மாற்றுகிறான். ஞாயிற்றுக்கிழமை அப்பா அவன் வீட்டுக்குப் போகிறார். கண்டக்டரிடம் பேசிய அதே குரலில் பேசச் சொல்லியிருக்கிறேன்.